அவல் உப்புமாவும் கவிழ்த்து வைத்த தட்டும்

பெருங்களத்தூரில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் சில பிள்ளைகள் சேர்ந்து மலையேற்றக் குழு ஒன்று நடத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதுகு மூட்டையோடு கிளம்பினால், திங்கட்கிழமை காலை சேறும் சகதியுமாக வந்து இறங்கி, குளித்துவிட்டு அப்படியே ஆபீசுக்கு ஓடுவார்கள். அவர்களில் நித்யா என்ற பெண் போன மாதம் என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, நீங்க அந்தக் காலத்துல டிரெக்கிங் சென்டர்ல வேலை பார்த்தீங்களாமே? எங்க குரூப்புக்கு லைட்வெயிட் பிரேக்ஃபாஸ்ட் ஐடியா ஒரு பத்து எழுதிக் கொடுங்களேன்" என்றாள். கூடவே அவர்கள் இப்போது மலைக்குக் கொண்டுபோகும் பாக்கெட் ஒன்றையும் கொடுத்தாள். வெந்நீர் ஊற்றினால் பொங்கலாகிவிடுமாம். ஊற்றிப் பார்த்தேன், ஆகிவிட்டது. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பத்து ஐடியாவுக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருந்தது மூன்றோ நான்கோதான். அதை வைத்துக்கொண்டே என் உத்தியோகம் முழுவதையும் ஓட்டிவிட்டேன். எழுதலாம் என்று உட்கார்ந்தால் அவலும் ரவையும் பின்னுக்குப் போய், அதைச் சாப்பிட்ட ஆட்கள்தான் முன்னால் வருகிறார்கள். நித்யா கோபித்துக்கொள்ளக் கூடாது. வேண்டியதை அவளே பொறுக்கிக்கொள்ளட்டும்.

எண்பதுகளின் நடுவில், பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் மையம் இருந்தது. கூடாரம், கயிறு, முதுகுப்பை எல்லாம் வைத்துக்கொண்டு, ஆபீஸ்காரர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் மலைக்கு அழைத்துப் போவார்கள். நான் அங்கே டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். ரேஷன் பார்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. "டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினது உப்புமா கிளறவா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். கிளறத்தான். அதில் எனக்குக் கூச்சம் எதுவும் இருந்ததில்லை.

மையத்தின் பொறுப்பாளர் தேவசகாயம் சார். விமானப்படையில் மெஸ்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். குள்ளமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏதாவது தப்பு என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தோளில் கிடக்கும் துண்டின் நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து தப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்வோம்.

நான் முதன்முதலில் கட்டிய காலைச் சாப்பாட்டு மூட்டையைப் பார்த்து அவர் துடைத்த துடைப்பில் கண்ணாடியே தேய்ந்திருக்கும். எடை குறைவாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். பொரியை விட எடை குறைந்தது உலகத்தில் உண்டா? தாம்பரம் மார்க்கெட்டில் நல்ல பொரியாக வாங்கி, பொட்டுக்கடலை கலந்து, மொத்தக் குழுவுக்கும் கட்டி வைத்தேன். மூட்டை என் உயரத்துக்கு நின்றது. சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "தூக்கிக்கோ செல்வி. ஏரியைச் சுத்தி ஒரு நடை போயிட்டு வா" என்றார். போனேன். எடை ஒன்றும் இல்லைதான். ஆனால் ஏரிக்காற்று அடித்தபோது மூட்டை ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். அன்றிலிருந்து, நான் கட்டும் எந்த மூட்டையையும் நானே தூக்கிக்கொண்டு ஒரு நடை போகாமல் அனுப்பியதில்லை. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மீதியெல்லாம் வேலை செய்து தெரிந்துகொண்டது.

பல சோதனைக்குப் பிறகு அவல் உப்புமாவில் வந்து நின்றோம். நித்யா, இங்கே கவனி. கெட்டி அவலை வெறும் வாணலியில், நிறம் மாறாமல், விரலில் எடுத்து நசுக்கினால் பட்டென்று உடையும் வரை வறுக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கிள்ளின மிளகாய், பெருங்காயம் தாளித்து, நிழலில் உலர்த்திய கறிவேப்பிலையை அதில் நொறுக்கிப் போட வேண்டும். நிலக்கடலையைத் தனியாக வறுத்து, உப்பும் போட்டு, எல்லாவற்றையும் அவலோடு கலக்க வேண்டும். தேங்காய் கூடவே கூடாது, மறுநாளே சிக்கு வாடை அடிக்கும். புளிப்புக்கு எலுமிச்சம்பழம் என்று நான் சொன்னேன். அது கனம் என்று சார் சொன்னார். வடக்கத்திக்காரர்கள் போடும் மாங்காய்ப் பொடியை எங்கிருந்தோ வாங்கி வந்தார். நன்றாகத்தான் இருந்தது.

எல்லாம் ஆறின பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் பைக்குள்ளே வேர்த்து அவல் கட்டிதட்டிப் போகும். அப்போது ஒட்டும் மெஷின் எங்களிடம் ஏது? பாலிதீன் பையின் வாயை ஆக்சா பிளேடின் மேல் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் இப்படி ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். நிதானமாக இழுத்தால் பை ஓட்டையாகிவிடும், வேகமாக இழுத்தால் ஒட்டாது. என் விரல்களில் இன்னும் இரண்டு மூன்று வடு இருக்கிறது. மலையில் பையைப் பிரித்து டேக்சா என்கிற பெரிய பாத்திரத்தில் கொட்டி, வெந்நீரை அவல் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, மூடி, மேலே ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டால் போதும். பல் துலக்கிவிட்டு வருவதற்குள் உப்புமா தயார்.

சமையலை விடச் சாப்பிட வைப்பதுதான் பெரிய வேலை. அதைத்தான் இந்தப் பாக்கெட்டில் அச்சடிக்க மாட்டார்கள்.

நம் ஆட்களுக்கு மலை ஏறுவது கஷ்டமே இல்லை. குளிக்காமல் சாப்பிடுவதுதான் கஷ்டம். சேலையூரிலிருந்து வந்த ஒரு பேங்க் ஆபீசர், அந்தக் குளிரில், "குளிக்காம பச்சைத் தண்ணி பல்லுல படாது" என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஓடையும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சார் ஒரு குவளை வெந்நீர் எடுத்துக்கொண்டு போய், "கை, கால், முகம் கழுவிக்குங்க" என்றார். அவர் கழுவிக்கொண்டதும், முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பேண்டேஜுக்கும் டிஞ்சருக்கும் நடுவில் விபூதியும் குங்குமமும் வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அந்த மனிதர். ஆபீசர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டார்.

"எதுக்கு சார் இவங்க பிடிவாதத்துக்கெல்லாம் இடம் கொடுக்கணும்?" என்று கேட்டேன்.

"பழக்கத்தையும் மூட்டையில சேர்த்துக் கட்டிக்கோ செல்வி. அதை யாரும் வீட்டுல கழட்டி வச்சிட்டு வர முடியாது" என்றார்.

அவருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தன் அலுமினியத் தட்டைக் கழுவி, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு பாறை மேல் கவிழ்த்து வைத்துவிடுவார். சாப்பிட்டு முடித்தவர்கள் கழுவின தட்டோடு அவர் முன்னால் வந்து, "சாப்பிட்டாச்சு சார்" என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொன்ன பிறகு என்னைப் பார்ப்பார். நானும் சாப்பிட்டுவிட்டு, "சாப்பிட்டாச்சு சார்" என்பேன். அப்புறம்தான் அவர் தட்டைத் திருப்புவார். சில நாள் அடியில் ஒட்டினதுதான் அவருக்கு மிஞ்சும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "முன்னாடியே சாப்பிட்டா, கடைசி ஆளுக்குக் கிடைச்சுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பெரிய தத்துவமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சப்பென்று போய்விட்டது.

கோதண்டம் அண்ணா வந்தது இந்த வேலையில் எனக்கு நன்றாகக் கை பழகிய பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில்.

முடிச்சூர்க்காரர். நிலம் நீச்சு உள்ள குடும்பம். பாதியை மனை போட்டு விற்றுவிட்டு, செங்கல், மணல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய வயது, ஆகிருதியான ஆள். அவருடைய மகள் கற்பகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். அவள்தான் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாக எங்கள் ஆபீசுக்குக் கூட்டி வந்தாள். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அம்மா போய் எட்டு மாசம் ஆகுது மேடம். அப்பா கடைக்குப் போறதே இல்ல. மொட்டை மாடியே கதின்னு கிடக்கிறார். யார்கிட்டயும் பேச்சில்ல. ஊரை விட்டு நாலு நாள் வெளிய போனாலாவது கொஞ்சம் மாறுவாரான்னு பார்க்கறேன். நீங்களும் கூடப் போவீங்கள்ல? பார்த்துப்பீங்கள்ல?"

அந்தக் குழுவில் பெண்களும் இருந்ததால் நானும் போவதாக இருந்தது. "நான் பார்த்துக்கிறேன், கவலைப்படாதீங்க" என்றேன்.

கோதண்டம் அண்ணா உள்ளே வந்து சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒரு சுற்று பார்த்தார்.

"மலைல இன்னாம்மா கீது?"

"மலைதான் இருக்கு அண்ணா."

"அத்த பாக்க எதுக்கும்மா துட்டு? இங்க பல்லாவரத்துல சும்மாவே கீதே."

கற்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் பணத்தைக் கட்டினார். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று சார் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் கெடியாது சார், கல்லு மாதிரி கீறேன்" என்றார். மகளும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பயந்திருக்கிறார்கள்.

தாம்பரத்தில் பஸ் பிடித்துப் போய், தேனிப் பக்கம் ஒரு மலை அடிவாரத்தில் இறங்கினோம். முதல் நாள் காலை அடிவாரத்து ஊரில்தான் சாப்பாடு. வீட்டிலிருந்து கொண்டுவந்த, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. கோதண்டம் அண்ணா தன் பங்கிலிருந்து ஒரு இட்லியை இலையில் வைத்து, ஓட்டு வீட்டுச் சுவர் மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். காக்கைகள் கூட்டமாக வந்தன. அவை கொத்தின பிறகு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

"தெனம் வெப்பேன்மா. எங்க வூட்டுக்காரி மொதல்ல துன்னணும். அப்புறம்தான் நானு" என்று என்னிடம் சொன்னார். மொட்டை மாடியே கதி என்று கற்பகம் சொன்னது எதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாளின் பெயர் ராணி என்று ஏறுகிற வழியில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேச்சு நிற்கவே இல்லை. ராணி இப்படிச் சமைப்பாள், ராணி இப்படித் திட்டுவாள் என்று மலை பூராவும் ராணிதான். பேச்சில்லாத மனிதர் என்றாளே, இதைக் கற்பகம் கேட்க வேண்டுமே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை காட்டுக்குள் கூடாரம் அடித்திருந்தோம். அன்றும் ஒரு பெரிய காட்டுக் காக்கை வந்து அவலைக் கொத்திவிட்டுப் போயிற்று. எனக்கு அதில் ஒரு யோசனையும் தோன்றவில்லை. காக்கை இல்லாத இடம் ஒன்று இருக்கும் என்று தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள் எப்படி நினைப்பேன்?

மூன்றாம் நாள் உச்சியில் விடிந்தது. வெறும் புல்வெளி. ஒரு மரம் கிடையாது. பக்கத்துக் கூடாரம் தெரியாத அளவுக்கு மூடுபனி. அன்று இறங்க வேண்டிய நாள். மேகத்தைப் பார்த்துவிட்டு, எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி, சாரிடம், மத்தியான மழைக்கு முன்னால் கீழ் ஓடையைத் தாண்டிவிட வேண்டும், தண்ணீர் ஏறிவிட்டால் தாண்ட முடியாது என்று எச்சரித்தார். நான் சீக்கிரமே அவலில் வெந்நீர் ஊற்றிப் பரிமாறினேன். எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். சாரின் தட்டு பாறை மேல் கவிழ்ந்திருந்தது. ஒவ்வொருவராக வந்து, "சாப்பிட்டாச்சு சார்", "சாப்பிட்டாச்சு சார்."

கோதண்டம் அண்ணா மட்டும் வரவில்லை. சற்றுத் தள்ளி ஒரு பாறை மேல் இலையில் அவலை வைத்துவிட்டு, பனிக்குள் பார்த்து, "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் பனியில் போய் அப்படியே அமுங்கிவிட்டது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

முதலில் சிலர் சிரித்தார்கள். ஒரு பையன் பின்னாலிருந்து காக்கை மாதிரிக் கத்தினான். அண்ணா ஆவலாகத் திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அந்தப் பையனே தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கூடாரங்களைச் சுருட்டினோம். பைகளைக் கட்டினோம். எல்லோரும் செருப்பும் ஷூவுமாகக் கிளம்பத் தயாராக நின்றார்கள். அவர் மட்டும் அசையவில்லை.

நான் பக்கத்தில் போனேன். "அண்ணா, நேரமாச்சு. இலையை இங்கேயே வச்சிடுங்க, அது வந்து சாப்பிட்டுக்கும். நீங்க சாப்பிடுங்க."

"வரட்டும்மா."

"இங்க காக்காவே இல்லண்ணா."

"வரும்மா. நா கூப்டா வருவா."

அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் பல் கிட்டும் குளிரில் அவருக்கு வியர்வை வழிந்துகொண்டிருந்தது. இலை ஓரத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியது. என் மாமனாருக்கு இதே மாதிரி ஆனதை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"அண்ணா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"கொஞ்சூண்டு கீது."

"மாத்திரை போட்டீங்களா?"

"எய்ந்தவொடனே போட்டுக்கினேன். தெனம் போடறதுதான?"

மாத்திரையை விழுங்கிவிட்டு, விடிந்ததிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகாமல் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் என்றால் கூப்பிட்டதும் காக்கை வந்துவிடும், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இடைவெளியே இருக்காது. இங்கே காக்கை எங்கே, டாக்டர் எங்கே? ரோட்டுக்குப் போகவே ஒரு பகல் நடை. நான் ஓடிப்போய் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"குடிங்கண்ணா! மயக்கம் போட்டு விழுந்தா இந்த மலையிலிருந்து உங்களை யாரு தூக்கறது? கற்பகத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"எட்டு மாசமா அவளுக்கு வெக்காம நா ஒரு வாய் துன்னது இல்லம்மா. இன்னிக்கி துன்னுட்டா... அவ வரலன்னு ஆயிடும்ல?" என்றார். நாக்கு கொஞ்சம் குழறியது.

கையில் வெல்லத் தண்ணீரோடு நின்றேன். அழுகை வந்தது. அழுதேன்.

சார் வந்தார். ஒரு கையில் அவருடைய தட்டு. அவசரமாக வரவில்லை, ஆனால் நேராக வந்தார். கண்ணாடியைத் துடைப்பார் என்று பார்த்தேன். துடைக்கவில்லை. கோதண்டம் அண்ணாவுக்குப் பக்கத்தில், இலைக்கு அந்தப் பக்கமாக உட்கார்ந்தார். தட்டைத் தன் முன்னால் கவிழ்த்து வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடு என்று அர்த்தம். மூடிக்கொண்டேன்.

"வீட்டம்மா நல்லா சமைப்பாங்களா கோதண்டம்?"

"அத்த ஏன் சார் கேக்கற. நடவுன்னா இருவது ஆளுக்கு அவ ஒருத்தியே ஆக்குவா."

"அவங்க எப்ப சாப்பிடுவாங்க?"

"எல்லாருக்கும் போட்டுட்டுத்தான். வூட்டாண்ட ஒரு ஆளு பசியோட குந்திக்கினு இருந்தா அவ கைல சோத்தத் தொட மாட்டா. நா எத்தினியோ தபா திட்டிக்கீறேன்."

சார் தலையை ஆட்டினார். பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடையில் தண்ணீர் ஏறும், மழை வரும் என்று யாருமே சொல்லாத மாதிரி ஒரு உட்கார்தல். அண்ணாவின் பார்வை மெதுவாகக் கீழே வந்து அந்தத் தட்டில் நின்றது.

"சார், நீ துன்னலியா?"

"இல்ல."

"ஏன் சார்?"

"நீங்க சாப்பிடலையே. எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் நான். அது என் பழக்கம். உங்க பழக்கம் உங்களுக்கு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். காத்திருக்கேன். நீங்க கூப்பிடுங்க."

அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அண்ணா சாப்பிடாவிட்டால் சார் அன்று பூராவும் சாப்பிட மாட்டார். அது அண்ணாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். நடுங்கும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தரம் "கா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு இலைக்கு முன்னால் குனிந்து, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"ஏய் ராணி. இங்க ஒருத்தரு பசியோட குந்திக்கினு கீறாரு. நா துன்னாத்தான் அவுரு துன்னுவாராம். நீயே சொல்லு, இன்னா பண்றது? நீ அப்பறமா வந்து துன்னுக்கோ, இன்னா? கோச்சிக்காத."

என் கையிலிருந்த டம்ளரை அவரே வாங்கிக் குடித்தார். முழுவதும் குடித்தார். தட்டை நீட்டினார், அவலைப் போட்டேன். குழந்தை மாதிரி அழுதுகொண்டே சாப்பிட்டார். நானும் என் பங்கைச் சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கை நடுக்கம் நின்றது. எழுந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, "சாப்புட்டாச்சு சார்" என்றார். சார் என்னைப் பார்த்தார். "சாப்பிட்டாச்சு சார்" என்றேன். அவர் தட்டைத் திருப்பினார். டேக்சாவில் ஒரு கரண்டி அவல்தான் மிஞ்சியிருந்தது, அதுவும் ஆறி வறண்டு போயிருந்தது. நிதானமாக மென்று சாப்பிட்டார்.

கதை என்றால் அந்த நேரம் பார்த்துப் பனிக்குள்ளிருந்து ஒரு காக்கை பறந்து வந்திருக்கும். வரவில்லை. இலை பாறை மேலேயே இருந்தது. அது பறந்து போகாமல் இருக்க, கத்திக் கேலி செய்த பையன்தான் ஓரத்தில் ஒரு கல்லை எடுத்து வைத்தான். நாங்கள் இறங்கினோம். ஓடையை முழங்காலுக்கு மேல் தண்ணீரில், கயிறு கட்டித் தாண்டினோம். கோதண்டம் அண்ணாவின் மூட்டையை யார் தூக்குவது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் சார் இரண்டு ஏற்பாடு செய்தார். காலையில் கூடாரத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரிடமும், மாத்திரை ஏதாவது போடுவதுண்டா என்று தனியாக, காதோடு கேட்க வேண்டும். வெல்லமும் பொட்டுக்கடலை மாவும் பிடித்த உருண்டை ஒன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும். உருண்டை பிடிக்கும் வேலை என்னுடையது. கற்பகத்திடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோதண்டம் அண்ணா கடையைத் திறந்தார். எங்களோடு மறுபடியும் பல தடவை மலைக்கு வந்தார். முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிட்டு, மாத்திரையை என்னிடம் கொடுத்துவிடுவார். நான் உப்புமாவையும் மாத்திரையையும் ஒன்றாகக் கொடுப்பேன். காக்கை இருந்தால் அதற்கு முதலில் வைப்பார். இல்லையென்றால், "அப்பறமா துன்னுக்கோ" என்று இலையிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். தன் வீட்டு முருங்கைக் கீரையை நிழலில் உலர்த்தி, பை பையாகக் கொண்டுவந்து கொடுப்பார். என் அவல் உப்புமாவில் கீரை சேர்ந்தது அப்படித்தான். நித்யா, இதை உன் பத்து ஐடியாவில் ஒன்றாக வைத்துக்கொள். எடையே இல்லை.

சார் தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். உடம்புக்கு முடியாமல் சில வாரம் படுத்திருந்தார். தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மலைக்கு வந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சேலையூர் பேங்க் ஆபீசர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து கடைசி வரை நின்றார். கோதண்டம் அண்ணா யாரிடமும் பேசவில்லை, மண்ணைப் போட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டார். மையமும் அதற்குப் பிறகு அதிக காலம் நடக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைப் பார்க்க முடிச்சூருக்குப் போனேன். பழையபடி பேச்சை விட்டுவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிட்டாரோ என்று எனக்குப் பயம். கற்பகம் கதவைத் திறந்து, "மேலதான் இருக்கார், போங்க மேடம்" என்றாள். படியேறினேன்.

அண்ணா கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். சுவரின் மேல் ஒரு இலை. காக்கைகள் கொத்தித் தீர்த்த இலை. மனிதர் தெளிவாகத்தான் இருந்தார். "வாம்மா, குந்து" என்றார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அவல் உப்புமா மூடி வைத்திருந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொரு இலையில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அக்காவுக்குத்தான் வச்சாச்சேண்ணா. இது யாருக்கு?" என்றேன்.

"சாருக்கு."

"சாருக்கா? அவங்கள்ல இதெல்லாம் கிடையாதேண்ணா."

"தெரியும்மா. நா வெக்கிறேன், அவ்ளோதான்."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே வச்சிருக்கலாமே. நீங்க சாப்பிட்டு முடிச்சிட்டு வைக்கறீங்களே?"

அண்ணா என்னை, ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இன்னாம்மா, நீயா இப்டிக் கேக்கற? ராணி மொதல்ல துன்னுவா, செரி. சாரு எப்போ துன்னாரு? நா துன்னுட்டேன்னு சொல்லாம அவுரு தட்டத் திருப்புவாரா?"

இலையை வைக்கப் போனவர், கையை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ காத்தால துன்னுட்டு வந்தியா?"

இல்லை. முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காபி மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தேன். "காபி குடிச்சேண்ணா" என்று மழுப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சாரின் இலையை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, கீழே பார்த்து, "கற்பகம், ஒரு தட்டு எத்துக்கினு வாம்மா" என்று கூப்பிட்டார்.

அந்த மொட்டை மாடியில் உட்கார்ந்து, அவர் போட்ட அவல் உப்புமாவைச் சாப்பிட்டேன். முருங்கைக் கீரை போட்டிருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன், ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அண்ணா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். தட்டைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் இலையை எடுத்துச் சுவரின் மேல் வைத்துவிட்டு, சொல்லு என்பது போல என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டாச்சு சார்" என்றேன்.